எடையும் வேண்டும், ஓட்டமும் வேண்டும்: கண்டி ஃபிளாங்கர் ஒருவரின் 18 வாரங்கள்

பின்னணி

இதில் வருபவர் 24 வயது ரக்பி வீரர், கண்டியில் ஒரு கழகத்துக்கு ஃபிளாங்கராக, அதாவது எதிராளியைப் பிடித்து விழுத்தும் வேலை (டெக்கிள்) அதிகமுள்ள ஃபோர்வர்டாக விளையாடுகிறார், பெரும்பாலும் ஆறாம் இலக்கச் சட்டை. உயரம் 183 சென்டிமீட்டர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரும் கழகமும் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். வீடு ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். படிக்க வந்த கண்டிப் பள்ளிக்கூடத்தின் விடுதியில்தான் ரக்பியும் தொற்றிக்கொண்டது. இங்கே விளையாட்டை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான், இவரும் பகலில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை, காலை எட்டரைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவார். பயிற்சி எல்லாம் அதற்கு முன்னால் அல்லது பின்னால்.

லீக் பெப்ரவரி கடைசியில் முடிந்தது. சீசன் தொடங்கும்போது 93 கிலோ இருந்தவர் முடியும்போது 90. தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சிறு குறிப்பு கொடுத்து அனுப்பினார், இவருக்குக் கிடைத்தது இரண்டே வரி: எடை 96 ஆக வேண்டும், கடைசி 20 நிமிடம் ஆளைக் காணோம். இரண்டும் உண்மை. ஆனால் எதை முதலில், எதை அப்புறம் என்று குறிப்பில் இல்லை, இவரும் கேட்கவில்லை. இரண்டையும் மறுநாளே, ஒன்றாகவே தொடங்கிவிட்டார்.

மார்ச் மாதம் முழுக்க அவர் தானாகச் செய்த வாரம் இப்படி இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் கண்டி ஏரியைச் சுற்றி ஓட்டம், சனிக்கிழமை பஹிரவகந்தை ஏற்றத்தில் மேலும் கீழும். மாலையில் ஐந்து நாள் ஜிம்: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கால் என்று உடற்கட்டுக்காரர்களின் அட்டவணை, யாரோ நண்பர் வட்ஸ்அப்பில் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை 'சும்மா' டச் ரக்பி, டெக்கிள் இல்லாமல் தொட்டாலே போதும் என்கிற வகை. அந்தச் சும்மா ஒரு மணி நேரம் போகும்.

காலைச் சாப்பாடு என்று கேட்டால் ஒரு பிளேன்டீ, ஒரு மீன் பணிஸ். ஓடிவிட்டு, குளித்து, பஸ் பிடிக்கிற அவசரத்தில் அதற்கு மேல் நேரமில்லை.

முதலில் கண்டது

மார்ச் கடைசி வாரத்தில் கால் முன்னெலும்பு வலிக்கிறது என்றுதான் எங்களிடம் வந்தார். 'எங்களிடம்' என்றால் உடற்பயிற்சிப் பொறுப்பில் இருக்கும் நானும், என்னோடு வேலை செய்யும் பிசியோவும். எலும்பில் ஒரே புள்ளியில் குத்துகிற வலி இல்லை, நீளவாக்கில் பரவலான வலி, ஓட ஆரம்பித்ததும் வந்து கொஞ்சம் சூடானதும் குறைகிற வகை. எலும்பு முறிவுக்கான அறிகுறி இல்லை என்று பிசியோ பார்த்து உறுதி செய்தபின்தான் மற்றதைப் பேசினோம்.

எடை 88.6 கிலோ. எடை கூட்டப் போனவர் நாலு வாரத்தில் ஒன்றரைக் கிலோ இழந்திருந்தார். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் சீசன் நடுவில் 130 கிலோவை மூன்று தடவை எடுத்தவர் இப்போது 120-இல் மூன்றாவது தடவை எழும்பவே திணறினார். பெஞ்ச் பிரஸ் 95 கிலோ, மூன்று தடவை. புல்அப் ஆறு. ப்ரொங்கோ ஓட்டம் 5 நிமிடம் 34 விநாடி.

ப்ரொங்கோ தெரியாதவர்களுக்கு: 20 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும், பிறகு 40 போய்த் திரும்ப, பிறகு 60 போய்த் திரும்ப. இது ஒரு சுற்று, 240 மீட்டர். நிற்காமல் ஐந்து சுற்று, மொத்தம் 1200. செலவே இல்லை, நாலு கோனும் ஒரு நிறுத்துக்கடிகாரமும் போதும், அதனால்தான் நியூசிலாந்து அணிகள் முதல் நம்மூர்ப் பள்ளிக்கூட அணிகள் வரை எல்லோரும் ஓடுகிறார்கள். நியூசிலாந்து வீரர் பியூடன் பாரெட் போன்ற ஒருவர் 4 நிமிடம் 12 விநாடியில் ஓடியிருக்கிறார், அது வேறு உலகம். ஃபிளாங்கர் போன்ற பின்வரிசை ஃபோர்வர்ட் ஒருவருக்கு ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்தால் நல்லது என்பது எங்கள் அளவுகோல். 5:34 என்பது மாதம் முழுக்க ஓடிய ஒருவருக்கு ஏமாற்றமான நேரம்.

எண்களைவிட எங்களுக்கு அதிகம் சொன்னது போட்டி வீடியோ. கடைசி 20 நிமிடம் காணோம் என்றால் எங்கே காணோம்? மூன்று போட்டிகளை எடுத்து, அவர் டெக்கிள் செய்து தரையில் விழுந்த கணத்திலிருந்து மறுபடி எழுந்து தடுப்பு வரிசையில் நிற்கும் வரை எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். முதல் பாதியில் மூன்று விநாடி, சில நேரம் நாலு. கடைசி 20 நிமிடத்தில் ஆறு, ஏழு. ஒரு காட்சியில் முழங்காலில் நின்றபடி ஒரு கையைத் தரையில் ஊன்றி, பந்து எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறார், அதற்குள் எதிரணி அடுத்த ரக்கையும் (தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியும் தள்ளும் குவியல்) அமைத்துப் பந்தை வெளியே எடுத்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டால் அப்புறம் ஓடுகிறார், அந்த ஓட்டத்தின் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது இவருடைய சிக்கல் நீண்ட தூரம் ஓட முடியாதது இல்லை. 90 கிலோ உடம்பைத் தரையிலிருந்து திரும்பத் திரும்பத் தூக்கி நிறுத்த முடியாதது. ஏரியை எத்தனை தடவை சுற்றினாலும் அது சரியாகாது.

காலை நாடித்துடிப்பும் அவர் கைக்கடிகாரத்தில் இருந்தது, பெப்ரவரியைவிடக் கூடியிருந்தது, உடம்புக்கு ஓய்வு போதவில்லை என்பதன் அடையாளம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்றார். ஞாயிறு விளையாட்டை மட்டும் விடமாட்டேன் என்று அடம்.

முடிவுகளும் காரணங்களும்

பலப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் (ஓட்டம், மிதிவண்டி போல மூச்சு வாங்கவைக்கும் வேலை) ஒன்றை ஒன்று இழுக்கும் என்பது புதிய விஷயமில்லை. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அவரே பளு தூக்குகிறவர், உடற்பயிற்சி ஆய்வாளர் ஜான் ஹோலோசியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அவரோடு தினமும் ஓடப் போனதும் தன் உடம்பு சுருங்குவதைக் கவனித்து, இது ஏன் என்று ஆராய ஆரம்பித்தவர். ஆய்வில் ஒரு குழு வாரம் ஐந்து நாள் பளு தூக்கியது, ஒரு குழு வாரம் ஆறு நாள் மூச்சுப் பயிற்சி செய்தது, மூன்றாவது குழு இரண்டையும் முழுதாகச் செய்தது. பத்து வாரம். இரண்டையும் செய்தவர்கள் ஏழாவது வாரம் வரை பளு தூக்குகிறவர்களோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே பலம் கூடினார்கள், பிறகு நின்றார்கள், கடைசி இரண்டு வாரத்தில் இறங்கினார்கள்.

ஐந்து நாள் ஜிம், ஆறு நாள் ஓட்டம். எங்கள் வீரர் ஹிக்சனைக் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் அதே அட்டவணையை அப்படியே போட்டு, மேலே ஞாயிறு டச்சையும் வைத்து, வயிற்றில் ஒரு பணிஸோடு ஓடியிருக்கிறார். அதனால் ஏழு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஹிக்சனின் அந்த ஆய்வு வீரர்களைப் பயமுறுத்தவே பயன்படுகிறது என்பது என் குறை. அதே மனிதர் அடுத்த ஆண்டு இன்னொன்றும் வெளியிட்டார், களத்தில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் அதிகம் உதவும்: ஆறு நாள் செய்து சேர்த்த மூச்சுத் திறனை, தீவிரத்தைக் குறைக்காமல் வாரம் இரண்டே நாளில் 15 வாரம் வரை பிடித்து வைத்திருக்கலாம். சேர்ப்பதற்கு நிறைய வேண்டும், காப்பதற்குக் கொஞ்சம் போதும். பலத்துக்கும் இது பொருந்தும், தூக்கும் எடையைக் குறைக்காமல் செட்டுகளைக் குறைத்தால் பலம் நெடுநாள் நிற்கும். உயிரணுக்குள் ஓட்டம் தூண்டும் ஏஎம்பிகே என்ற நொதி, தசையை வளரச் செய்யும் எம்டோர் என்ற நொதியை அடக்குகிறது என்றெல்லாம் விளக்கம் உண்டு, இருக்கட்டும், இவர் விஷயத்தில் அவ்வளவு ஆழமாகப் போகத் தேவையில்லை. கால் ஓய்வில்லாமல் களைத்திருந்தது, சாப்பாடு போதவில்லை.

இதை வைத்துத்தான் முடிவெடுத்தோம்.

முதலில் இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. ஜிம் வாரம் இரண்டு நாள், லேசாக. இந்த இரண்டாவது வாரம் சரியாகச் சித்திரைப் புத்தாண்டில் விழுந்தது, அந்த வாரம் கண்டியில் பாதிக் கடை பூட்டித்தான் இருக்கும், ஜிம்மும் பூட்டு, அவரும் ஊருக்குப் போவார். எதற்கு அதோடு சண்டை? ஓய்வு வாரம் என்று அதையே எழுதிக்கொண்டோம்.

அடுத்த ஆறு வாரம் பலம் முன்னால், மூச்சு பின்னால். பிறகு ஒரு வாரம் சுமையைக் குறைக்கும் இறக்கம். அதன்பின் ஐந்து வாரம் மூச்சு முன்னால், பலம் பின்னால். இரண்டும் எப்போதும் அட்டவணையில் இருக்கும், ஒன்றையும் பூச்சியமாக்கவில்லை. எந்த வாரத்தில் எது சோர்வில்லாத கால்களைப் பெறுகிறது என்பதுதான் மாறும்.

நாள் அடுக்கு: ஜிம் திங்கள், புதன், வெள்ளி மாலை. மூச்சுப் பயிற்சி செவ்வாய் மாலையும் சனி காலையும். ஒரே நாளில் இரண்டும் வந்தே ஆகவேண்டும் என்றால் முதலில் பளு, அப்புறம் ஓட்டம், இடையில் முடிந்தால் ஆறு மணி நேரம். வெள்ளி ஜிம்மில் கனமான கால் வேலை வைக்கவில்லை, சனிக்கிழமைக் கால் ஓடவேண்டுமே. ஞாயிறு டச் ரக்பியை நிறுத்தவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று பேரம் பேசி முடித்தோம்.

முதல் கட்டத்தில் செவ்வாய்க்கு மிதிவண்டி, 20 நிமிடம், இடைவெளி விட்டு. ஓட்டத்தில் ஒவ்வொரு காலடியும் தரையில் இறங்கும்போது தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, அடுத்த நாள் ஸ்குவாட்டில் உணர்கிற கடுப்பு அதிலிருந்து வருவது. மிதிவண்டியில் அது இல்லை. கால் எலும்பு வலிக்கும் அதுதான் நல்லது.

சனிக்கிழமைக்கு 15 விநாடி ஓட்டம், 15 விநாடி நிற்றல். தூரத்தை அவருடைய ப்ரொங்கோவிலிருந்தே எடுத்தோம்: 1200 மீட்டரை 334 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 3.59 மீட்டர். அதன் 120 சதவீதம் 4.31. பதினைந்தால் பெருக்கினால் 65 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 65-இல் கோனை வைத்தோம். ஆறு நிமிடம், நாலு நிமிட ஓய்வு, மறுபடி ஆறு நிமிடம். சூடேற்றத்தோடு சேர்த்தும் முக்கால் மணிக்குள் முடியும்.

எடை பற்றியும் பேச வேண்டியிருந்தது. 96 என்பது எங்கிருந்து வந்த எண் என்று பயிற்றுவிப்பாளரிடம் போய்க் கேட்டேன். கடந்த சீசனில் எங்களைத் தள்ளிய அணியின் ஆறாம் இலக்கக்காரர் அவ்வளவு இருக்கிறார், அதுதான் காரணம். நியாயமில்லாத காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வேலைக்குப் போகிற ஒருவர் சில மாதத்தில் ஏழரைக் கிலோ ஏற்றினால் அதில் பெரும்பகுதி தசையாக இருக்காது. 93 கிலோ, அதோடு ப்ரொங்கோ 5:15-க்குக் கீழே, இந்த இரண்டும் வந்தால் பார்ப்போம் என்றேன். சரி என்றார், முகம் சரி என்று சொல்லவில்லை. வீரருக்கோ ஏரி ஓட்டத்தை நிறுத்தியதில்தான் அதிகக் கோபம்.

சாப்பாடு

இதற்குத் தனித் தலைப்புப் போட்டதற்குக் காரணம், எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இங்கேதான் நடந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.8 கிராம் புரதம் என்று வைத்தால் நாளுக்கு சுமார் 160 கிராம். புரத மாவு வாங்கச் சொல்லவில்லை, 2022 நெருக்கடிக்குப் பிறகு அந்த டப்பாக்களின் விலையைக் கேட்டால் அவர் சம்பளத்துக்கு அது வேறு நாட்டுச் சாமான். காலையில் இடியாப்பம், பருப்பு, மூன்று முட்டை. பத்து மணிக்குப் பால்மா கரைத்த பால், வாழைப்பழம். பகல் சோற்றில் கோழி அல்லது மீன், கறியின் அளவு முன்பைவிட இரண்டு மடங்கு. ஜிம் போகும் முன் அவித்த கடலை. இரவு மறுபடி சோறு, டின் மீன் அல்லது முட்டை, அப்புறம் தயிர்.

இடியாப்பம் அவிக்க யாருக்கு நேரம்? வாடகை வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் அக்காவிடம் மாதக் கணக்குப் பேசினார், காலை ஏழு மணிக்குப் பொட்டலம் தயாராக இருக்கும். இந்த ஒரு ஏற்பாடு நான் எழுதிக் கொடுத்த எந்த அட்டவணையையும்விட அதிக வேலை செய்தது.

முதல் கட்டம்: பலம்

புத்தாண்டு முடிந்து ஊரிலிருந்து வந்தபோது 90.1 கிலோ. கால் வலி போயிருந்தது, இரவு முழுக்கத் தூங்குகிறேன் என்றார். இன்னும் ஒரு கிலோ பளுகூட நாங்கள் கூட்டவில்லை.

திங்கள் ஸ்குவாட், நாலு தடவை வீதம் ஐந்து செட், ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டு எடுக்கலாம் என்ற நிலையில் நிறுத்தவேண்டும். அதோடு பெஞ்ச், பளு கட்டிய புல்அப். புதன் ருமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கி, தொடைப் பின்தசையால் பாரைத் தூக்குவது), ஒற்றைக் கால் ஸ்குவாட், தோள் பிரஸ். வெள்ளி மேல் உடம்பு, கழுத்து, கனமான டம்பெல்லைத் தூக்கி நடத்தல். கழுத்து வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டெக்கிள் செய்கிற விளையாட்டில் அதை விடக்கூடாது.

முதல் மூன்று வாரம் ஒழுங்காக ஏறியது. நாலாவது வாரம் திங்கட்கிழமை 130-இல் நாலாவது செட்டில் பார் நடுவழியில் நின்றுவிட்டது. போன வாரம் இதே எடை துள்ளிக்கொண்டு போனது. தூக்கமா என்றேன், இல்லை. சாப்பாடா, இல்லை. காலணிப் பைக்குள் ஓட்டக் காலணி ஈரமாக, ஓரத்தில் செம்மண்ணோடு இருந்தது.

"எத்தனை நாளா தம்பி?"

"ரெண்டு நாள்தான் அண்ணே... மூணு. ஓடாம இருக்கப் பயமா இருக்கு. சீசன்ல மறுபடி நான் நின்னுட்டா?"

திட்டி ஆவதில்லை, பயம் நியாயமான பயம். மூச்சுத் திறன் குறையவில்லை என்று நான் வாயால் சொல்லி அவர் நம்பப் போவதும் இல்லை. அதனால் அட்டவணையில் இல்லாத ஒரு ப்ரொங்கோவை அந்தச் சனிக்கிழமை வைத்தோம். 5:27. ஏரியைச் சுற்றாமல், வாரம் இரண்டே தடவை செய்து, இரண்டு கிலோவுக்கு மேல் கூடிய உடம்போடு ஏழு விநாடி குறைந்திருந்தது. அதற்குப் பிறகு காலை ஓட்டம் நின்றது. நான் எழுதிக் கொடுத்த விளக்கம் எதையும் அவர் படித்தாரா தெரியாது, கடிகாரத்தைப் படித்தார்.

மே மாதத்தில் வெசாக் விடுமுறையால் ஒரு ஜிம் நாள் போனது, பொருட்படுத்தவில்லை. ஆறு வார முடிவில் ஸ்குவாட் 142.5 கிலோ மூன்று தடவை, பெஞ்ச் 105, எடை 92.8. இடுப்புச் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர்தான் கூடியது.

இரண்டாம் கட்டம்: மூச்சு

ஒரு வாரம் இறக்கி, ஜூன் இரண்டாம் வாரத்தில் திருப்பினோம். ஜிம் இரண்டு நாள், தலா 45 நிமிடம்: ஸ்குவாட் மூன்று செட், மூன்று தடவை, தூக்கும் எடை மட்டும் அவரால் முடிந்த உச்சத்தின் 85 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. மற்ற நாட்களில் செவ்வாய் 15-15 ஓட்டம், வியாழன் சிறு மைதானத்தில் ஐந்துக்கு ஐந்து பேர் விளையாட்டு, சனிக்கிழமை எழும்புகிற வேலை.

அந்தக் கடைசியானதுதான் வீடியோவில் பார்த்ததற்கான மருந்து. நெஞ்சு தரையில் படப் படுத்து, எழுந்து, ஐந்து மீட்டர் முன்னால் போய் டெக்கிள் பையை அடித்து, விழுந்து, எழுந்து, பின்னோக்கி ஐந்து மீட்டர் வந்து வரிசையில் நிற்கவேண்டும். ஒரு நிமிடம் இடைவிடாமல், ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு தடவை, இப்படி இரண்டு அடுக்கு. முதல் சனிக்கிழமை நாலாவது நிமிடத்திலேயே போட்டியில் பார்த்த அதே படம் வந்தது: முழங்கால், ஊன்றிய கை, தலையைத் தூக்கிப் பார்த்தல். அந்தக் கையை ஊன்றாமல் எழுவதற்கு இடுப்பை முதலில் உள்ளே இழுத்து ஒரு பாதத்தை நெஞ்சுக்குக் கீழே கொண்டுவரவேண்டும். களைப்பில் முதலில் மறப்பது அதைத்தான். பிசியோ பக்கத்தில் நின்று "பாதம், பாதம்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

இரண்டு விஷயம் இந்தக் கட்டத்தைக் குழப்பியது. ஒன்று மழை. ஜூனில் மைதானம் சேறு, திரும்புகிற இடத்தில் வழுக்கியது, ஷட்டில் ஓட்டத்தில் முழங்கால் போய்விடும் என்று இரண்டு செவ்வாயை மிதிவண்டிக்கு மாற்றினோம்.

மற்றது தொடைப் பின்தசை. இரண்டாவது வாரத்தில் வியாழன் விளையாட்டுக்கு முன் முழு வேக ஓட்டத்தைச் சேர்த்தோம், மூன்றாவது ஓட்டத்தில் பிடித்துக்கொண்டார். கிழியவில்லை, இறுக்கம்தான். யோசித்தால் காரணம் தெளிவு: பெப்ரவரிக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட முழு வேகத்தில் ஓடியதில்லை. ஏரி ஓட்டமும் வேகமில்லை, 15-15-உம் வேகமில்லை. டெட்லிஃப்ட் எவ்வளவு எடுத்தாலும் முழு வேகத்தில் கால் வீசுகிற சுமை அதில் வராது. எட்டு நாள் வேகத்தை நிறுத்தி, நோர்டிக் பயிற்சியும் (முழங்காலில் நின்று உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது) படிப்படியாக ஏறும் ஓட்டங்களுமாகத் திரும்பக் கொண்டுவந்தோம். ஐந்து வாரத்தில் ஒரு வாரம் அதில் போனது.

எடையும் 91.9-க்கு இறங்கியது. பயிற்றுவிப்பாளர் தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மூச்சு வேலை கூடும்போது சாப்பாட்டையும் கூட்டவேண்டும் என்று அட்டவணையில் எழுதித்தான் இருந்தது, ஆனால் சனிக்கிழமை அந்த வேலைக்குப் பிறகு மத்தியானம் வரை அவருக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டல். பால், வாழைப்பழம், சீனி சேர்த்த தயிர் என்று குடிக்கிற மாதிரி மாற்றியதும் கொஞ்சம் திரும்பியது.

விளைவு

ஜூலையில் கழகத்தின் சீசன் முன் பயிற்சி தொடங்கியபோது: எடை 92.3. ப்ரொங்கோ 5:09. ஸ்குவாட் 145 கிலோ மூன்று தடவை, அதாவது ஜிம்மை இரண்டு நாளாகக் குறைத்த ஐந்து வாரத்தில் பலம் இறங்கவில்லை, இரண்டரைக் கிலோ ஏறியே இருந்தது. பெஞ்ச் 105-இலேயே நின்றது. புல்அப் ஒன்பது. எடை நாங்கள் பேசிய 93-க்கு முக்கால் கிலோ குறைவு, ஓட்டம் பேசியதைவிட ஆறு விநாடி நல்லது.

முதல் பயிற்சிப் போட்டியில் 55 நிமிடத்தில் வெளியே கேட்டார். எண்கள் எல்லாம் இருந்தும் உண்மையான ஆள் மேல் விழுந்து இழுத்துத் தள்ளுகிற களைப்பு வேறு. பை திருப்பி அடிக்காது, மேலே ஏறிப் படுக்காது. மூன்றாவது பயிற்சிப் போட்டியில் 80 நிமிடமும் நின்றார். அதன் வீடியோவிலும் கடிகாரத்தை வைத்தோம்: கடைசி 20 நிமிடத்தில் விழுந்து எழுந்து வரிசைக்கு வர நாலு விநாடி, சில இடத்தில் ஐந்து. ஆறும் ஏழும் இல்லை. லீக் முதல் போட்டிக்கு ஆரம்ப அணியில் இடம் கிடைத்தது.

இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே ஆள், ஒப்பிட இன்னொருவர் இல்லை, ஒரே நேரத்தில் சாப்பாடு, தூக்கம், அட்டவணை மூன்றும் மாறின. முதல் இரண்டு வாரத்தில் ஒன்றுமே செய்யாமல் கூடிய ஒன்றரைக் கிலோவைப் பார்த்தால் பாதிக் காரியம் சோறும் தூக்கமும் என்பது என் கணக்கு. பிசியோ இதை ஒப்புக்கொள்ளவில்லை, கால் வலி போனதால்தான் மற்றதெல்லாம் நடந்தது என்கிறார்.

அடுத்த முறை மாறுவது

முழு வேக ஓட்டம் முதல் கட்டத்திலிருந்தே இருக்கும். நிறைய வேண்டாம், புதன்கிழமை ஜிம்முக்கு முன் சூடேறியதும் 30 மீட்டரை நாலு தடவை, நடுவில் தாராளமான ஓய்வோடு. மூச்சு வாங்காது, கால்களைக் களைக்கவைக்காது, பலத்தைத் தின்னாது, தொடைத் தசைக்கு வேகம் மறக்காது.

ஆளோடு ஆள் மோதுகிற வேலை இரண்டாம் கட்டத்தின் முதல் வாரத்திலேயே வரும். மைதானம் தேவையில்லை, மெத்தை விரித்த ஒரு கூடம் போதும்: முழங்காலில் நின்று மல்லுக்கட்டுதல், முதுகில் ஒருவர் படுத்திருக்க எழுந்து வருதல். மழைக்கும் இது வசதி.

ப்ரொங்கோ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அட்டவணையிலேயே இருக்கும், பயந்து திருட்டுத்தனமாக ஓடும் நிலை வராமல் இருக்க.

லீக் முடிந்த மறுநாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு தாள் பயிற்றுவிப்பாளரின் குறிப்போடு சேர்ந்தே போகும். மார்ச் மாதம் வீணானது சோம்பலால் இல்லை, யாரும் எதுவும் சொல்லாததால்.

96 கிலோ இன்னும் முடியவில்லை. பயிற்றுவிப்பாளர் அந்த எண்ணை விடவில்லை, வீரர் தன்னால் 94-இல் வசதியாக ஓட முடியும் என்று நினைக்கிறார், நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். லீக் முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து, இந்த சீசன் வீடியோவை வைத்துப் பேசுவதாக இருக்கிறது.